அகழி கொஞ்சம் சோர்வாக இருக்கிறது

சர் லயனல் ஹாவர்கேட் தன் எழுபத்தோரு வயதில் ஒருமுறைகூட யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. அவருடைய அப்பாவும் போட்டதில்லை. இங்கிலாந்தின் சஃபோக்கில் அவர்களுக்கு மூவாயிரம் ஏக்கர், மூன்று பழைய அகழிகள், பதினோரு வேலையாட்கள். அவ்வளவும் உத்தரவே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. ஐயா நாயோடு நடந்து வருவார். எதையாவது பார்த்து நிற்பார். மூச்சை இழுத்து விடுவார். "இந்தக் கதவு கொஞ்சம் களைச்சுப்போன மாதிரி இருக்கு" என்பார். யாரிடம் சொன்னார் என்று கேட்டால் யாரிடமும் இல்லை. மறுநாள் காலை அங்கே புதுக் கதவு தொங்கும். ஐயா மறுபடி அந்த வழியாக வந்து, "அட, நல்லா இருக்கே" என்பார். ஏதோ மழை பெய்து கதவு முளைத்ததுபோல.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வருடம் தடுமாறுவார்கள். உயிர்வேலி பாவமாக இருக்கிறது என்றால் இடைவெளியில் செடி நட வேண்டும். உயிர்வேலி ரொம்ப உற்சாகமாக இருக்கிறது என்றால் வெட்டிவிட வேண்டும். "அந்த மரம்னா எங்க அம்மாவுக்கு உயிர்" என்றால் மரத்தைச் சாய்க்க வேண்டும், ஆனால் ஐயா லண்டன் போயிருக்கும் வாரத்தில். இதெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தர வேண்டியவனுக்கு அங்கே வேலை நிலைக்காது.

டெரிக் தர்லோ அங்கே முப்பத்தெட்டு வருடம் நிலைத்தவர். எஸ்டேட்டின் ஜேசிபி அவர் கையில்தான். அவர் குடியிருந்த வீடும் அந்த வேலையோடு வந்தது. வேலை இருக்கும்வரை வீடு.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பழைய மாளிகைத் திடலில் அகழிக்கரையில் ஐயா நின்றார். டெரிக்கும் இன்னொரு வேலையாளான மெர்வினும் பக்கத்தில் இருந்தார்கள். எழுநூறு வருடத்துக்கு முன்னால் நாலு பக்கமும் தோண்டி, நடுவில் ஒரு மேடையை விட்டு, அதன்மேல் யாரோ வீடு கட்டி வாழ்ந்த இடம். வீடு போய்விட்டது. மேடையும் அகழியும் மிச்சம். மேற்குப் பக்க அகழியில் தண்ணீர் தெரியவில்லை, நாணல்தான் தெரிந்தது.

"கொஞ்சம் சோர்வா இருக்கு, இல்ல டெரிக்?" என்றார் ஐயா.

"ஆமாங்கய்யா" என்றார் டெரிக்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஜேசிபி இறங்கியது. வெள்ளிக்கிழமைக்குள் மேற்கு அகழி நாற்பது மீட்டருக்குத் தூர்வாரப்பட்டு, தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. ஐயா வந்து பார்த்தார். "அட, நல்லா இருக்கே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, திடலைக் குறுக்கே கடக்கும் பொதுப்பாதையில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் நடந்து போனார். பதினோரு படம் எடுத்தார். பதினொன்றையும் அரசாங்கத் தொல்லியல் அலுவலகத்துக்கு அனுப்பினார். பழைய மாளிகைத் திடல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம். எழுத்தில் அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைத்தாலே குற்றம். இது தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. அதைச் சொல்லும் பலகை அங்கேயே நிற்கிறது. போன வருடம் காற்றில் சாய்ந்தபோது நிமிர்த்தி வைத்தவர் டெரிக்.

*

டெரிக்கின் மகள் கெய்லிக்கு இருபத்துநாலு வயது. தர்லோ குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், அதுவும் தொல்லியலில். பட்டமளிப்பு விழாவுக்கு டெரிக் இழவுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, கடைசிவரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தக் கருப்பு அங்கியைத் திருப்பிக் குடுத்துடணுமா?" இப்போது அவள் பீட்டர்பரோவில் இருந்தாள். புதுக் குடியிருப்புகள் கட்டுவதற்கு முன்னால் அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கும் வேலை. வருடத்தில் பாதி நாள் சேற்றில். அப்பா செய்யும் அதே வேலைதான், கரண்டி மட்டும் சிறியது என்று அவளே சொல்லிக்கொள்வாள். அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டாள்.

ஜனவரிக் கடைசியில் அப்பா போன் செய்தார். "அகழில ஒரு சின்ன பிரச்சினை" என்றார். அப்புறம் ஒரு கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல மெதுவாகப் படித்துக் காட்டினார். எஸ்டேட் மேலாளர் ஹ்யூகோ பெல்மோர் எழுதியது. அனுமதியற்ற வேலை தொடர்பாக டெரிக் தர்லோ பணியிலிருந்து நிறுத்திவைக்கப்படுகிறார். அரசாங்க ஆய்வாளரின் அறிக்கை இது தனிநபரின் பொறுப்பு என்று முடிவு செய்தால், அவருடைய பணியும், அதன் தொடர்ச்சியாக அவருடைய குடியிருப்பும் மறுபரிசீலனைக்கு உட்படும்.

கெய்லி மறுநாளே பஸ் பிடித்து வந்தாள். சமையலறை மேசையில் பையை வைத்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஐயா சொன்னாரா, இல்லையா?"

"ஐயா ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் ஏன்ப்பா தோண்டினே?"

"தோண்ட வேண்டியிருந்துச்சு."

"யாருக்கு?"

டெரிக் கொஞ்சம் யோசித்தார். "அகழிக்கு" என்றார்.

"அப்பா, சோர்வா இருக்குன்னு சொன்னார்ல? மெர்வின் மாமா பக்கத்துலதானே நின்னார்?"

"சோர்வா இருக்குன்னு சொன்னார். தோண்டுன்னு சொல்லல. அந்த அரசாங்க அம்மா வந்து கேட்டா நான் பொய் சொல்ல முடியாது."

"பொய் சொல்லச் சொல்லல. நடந்ததைச் சொல்லு!"

"அதத்தான் சொல்றேன். ஒண்ணும் சொல்லல."

"முப்பத்தெட்டு வருஷமா அந்த ஆள் வாயத் தொறக்காமலே உன்கிட்ட வேலை வாங்கியிருக்கான். இப்ப வாயத் தொறக்காமலே உன்னைத் தெருவுல விடப்போறான்."

"ஐயாவை அவன் இவன்னு பேசாத. இது அவர் வீடு."

"அதைத்தானேப்பா நானும் சொல்றேன்!"

டெரிக் கெட்டிலை வைத்தார். "டீ குடிக்கிறியா, இல்ல நின்னுகிட்டே கத்தப் போறியா?"

அவள் நின்றுகொண்டே குடித்தாள்.

*

ஹ்யூகோவின் அலுவலகம் பழைய குதிரைலாயத்தில் இருந்தது. குதிரைகள் நின்ற இடத்தில் இப்போது சாம்பல்நிறக் கம்பளம். ஹ்யூகோவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்து, நோயாளியிடம் பேசுவதுபோலப் பேசுவார்.

"ரொம்ப வருத்தமான விஷயம். எங்க எல்லாருக்குமே டெரிக்னா ரொம்பப் பிரியம். ஆனா சர் லயனலுக்கு அப்படி எதுவும் சொன்னதா ஞாபகம் இல்ல. டெரிக்கும் அதையேதான் சொல்றார்."

"இந்த எஸ்டேட்ல எது எப்படி நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எழுத்துல ஏதாவது இருந்தா கண்டிப்பா பார்க்கலாம்."

"எங்கப்பாவுக்கு நீங்க எப்பவாவது எதையாவது எழுத்துல குடுத்திருக்கீங்களா?"

ஹ்யூகோ உண்மையாகவே யோசித்தார். "இந்தக் கடிதம்" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் எஸ்டேட் டெரிக்குக்கு எழுத்தில் தந்த முதல் வாக்கியம் வீட்டைக் காலி செய்வதைப் பற்றியது. கெய்லி இதை அப்படியே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். ஹ்யூகோ தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்து, "உங்க கோபம் எனக்குப் புரியுது" என்றார். மேசைமேல் இருந்த காகிதக் கத்தியைப் பார்க்காமல் அவள் வெளியே வந்தாள்.

நேராக அகழிக்குப் போனாள். அளவுகோலும் நாடாவும் கொத்துக்கரண்டியும் கொண்டு வந்திருந்தாள். அப்பாவைக் காப்பாற்ற அவளிடம் இருந்த ஒரே ஆயுதம் படிப்பு. மேலே கிடந்த சமீபத்திய சேற்றை மட்டும்தான் அவர் வாரினார், பழைய மண் அப்படியே இருக்கிறது என்று அளந்து காட்டிவிட்டால் போதும். ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி, கரையின் வெட்டுமுகத்தைக் கரண்டியால் சுத்தம் செய்தாள். மேலே கருஞ்சேறு, அதில் பீர் டப்பா, ஒரு தள்ளுவண்டிச் சக்கரம். அதன் கீழே சாம்பல் களிமண். அதன் கீழே பழுப்பாக, இலையும் கொட்டை ஓடுமாக அழுத்தி அடைத்ததுபோல ஓர் அடுக்கு. அந்த ஹேசல் கொட்டையைக் கடித்துத் துப்பியவன் செத்து அறுநூறு வருடம் ஆகியிருக்கும். ஜேசிபியின் பல் அந்த அடுக்கையும் சீவிக்கொண்டு போயிருந்தது. மூலையில் நாலு ஓட்டைகள். நாலும் சதுரம். அங்கே மரம் நின்றிருக்கிறது. மேடைக்குப் போகும் பாலத்தின் அடிக்கட்டை.

அவள் வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அது அப்பாவுக்கு.

அந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு தண்ணீரில் கொஞ்சநேரம் நின்றாள். கல்லூரியில் ஒரு பேராசிரியர், இந்த அகழிகளில் பெரும்பாலானவற்றை யார் தோண்டச் சொன்னது என்பதற்கு ஓர் ஆவணம்கூட இல்லை, பெரிய புதிர் என்று ஒரு மணிநேரம் பேசினார். இதில் என்ன புதிர்? எவனோ ஒருத்தன் குதிரைமேல் உட்கார்ந்து, இந்த இடம் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது என்றிருப்பான். எவனோ ஒருத்தன் ஆமாங்கய்யா என்றிருப்பான்.

வீட்டுக்குப் போனதும் கேட்டாள். "அங்கேருந்து மரம் வந்துச்சா?"

"வந்துச்சு. கருப்பா, நல்ல ஓக். ஆறு துண்டு."

"எங்க இப்போ?"

"பத்திரமா இருக்கு."

"எங்கன்னு கேட்டேன்."

"பத்திரமான இடத்துல."

"அப்பா, நாளைக்கு ஆய்வாளர் கேப்பாங்க. என்ன சொல்லப்போறே?"

"ஐயா கேட்டா சொல்றேன்" என்றார் டெரிக்.

*

ஆய்வாளர் டாக்டர் ஃபைசா மீர்ஸா பிராட்ஃபோர்டுக்காரர். இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்து ஆட்களின் பேச்சு. கேட்டால் கேட்டது, சொன்னால் சொன்னது. காரில் சேறு அப்பியிருந்தது, பின்சீட்டில் மூன்று ஜோடி பூட்ஸ். அவர் டெரிக்கின் சமையலறையில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"தோண்டச் சொல்லி உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"இல்லைங்க மேடம்."

"நீங்களா முடிவு பண்ணீங்களா?"

"இல்லைங்க மேடம்."

"அப்போ?"

டெரிக் ஜன்னலைப் பார்த்தார். "நேரம் வந்திருந்துச்சு" என்றார்.

மீர்ஸா பேனாவை மூடினார். கெய்லி அவரோடு கார்வரைக்கும் போனாள்.

"நீங்க அவர் மகள். தொல்லியல்ல வேலை பாக்குறவங்க. நீங்க என்ன சொன்னாலும் நான் அதை வெச்சு எழுத முடியாது, புரியுதுல்ல?" என்றார் மீர்ஸா. "சேதம் உண்மை. செஞ்சவர் அவர். சொல்லலன்னு எஸ்டேட்டும் அவரும் ஒரே மாதிரி சொல்றாங்க. இதுல எனக்கு எழுத வேற என்ன இருக்கு?"

"நாளைக்கு சர் லயனலைப் பாக்கப் போறீங்கல்ல?"

"பத்து மணிக்கு. மாளிகையில."

"மாளிகையில வேணாம். அகழியைச் சுத்திக் காட்டச் சொல்லுங்க. ஒரு கேள்வியும் கேக்காதீங்க. கூட நடங்க. எதையாவது பாத்து அது ஒரு மாதிரி இருக்கு, இது ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னார்னா நேரத்தோட குறிச்சுக்குங்க. அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"மண்ணைப் பாத்துத்தானே எவன் எப்ப தோண்டினான்னு கண்டுபிடிக்கிறோம்? அதுக்குப் பதிலா தோண்டும்போதே பாத்துட்டா சுலபம்."

மீர்ஸா கார்க் கதவைத் திறந்தார். "நீங்க யார்கிட்டயும் முன்கூட்டி எதுவும் சொல்லி வெக்கக் கூடாது. வெச்சீங்கன்னு தெரிஞ்சா அதையும் எழுதுவேன்."

"சொல்ல மாட்டேன். இந்த ஊர்ல யாரும் யார்கிட்டயும் எதையும் சொல்றதில்ல. அதான் பிரச்சினையே."

*

வியாழக்கிழமை பத்து மணி. வானம் அழுக்குத் துணிபோல இருந்தது. சர் லயனல் முழங்கை ஒட்டுப்போட்ட கோட்டில், பிஷப் என்ற கிழட்டு நாயோடு வந்தார். பின்னால் ஹ்யூகோ, கறைபடாத பூட்ஸில். ஐயா கெய்லியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை நீட்டினார்.

"டெரிக்கோட பொண்ணு! இதெல்லாம் படிச்சவளாச்சே நீ. வா, வா, நீயும் வா."

அவர் நல்ல மனிதர்தான். கெய்லியை எரிச்சல்படுத்தியதே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் அப்பா என்றைக்கோ சண்டை போட்டிருப்பார்.

சற்றுத் தள்ளி வேலியில் மெர்வின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். அந்த எஸ்டேட்டில் ஐயா எங்கே நின்றாலும் காது எட்டும் தூரத்தில் ஒருத்தர் கம்பி முறுக்கிக்கொண்டிருப்பார்.

"ஆயிரத்து இருநூத்து எண்பதுகள்ல எங்க முன்னோர் இதைத் தோண்டினாங்க" என்று ஆரம்பித்தார் ஐயா.

"உங்க குடும்பம் இதை வாங்கினதே ஆயிரத்து எண்ணூத்துப் பதினொண்ணுல, சர்" என்றார் ஹ்யூகோ.

"ஆமா, ஆமா. எங்க முன்னோர் மாதிரிதான் அவங்களும்."

கிழக்குக் கரையில் ஐயா நின்றார். தண்ணீரைத் தாண்டி மேடை தெரிந்தது. மூச்சை இழுத்து விட்டார். "இந்தக் காட்சியைப் பாக்க உட்கார ஒண்ணுமே இல்லையேன்னு எப்பவும் தோணும்."

மீர்ஸா கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பத்து ஏழு. வேலிப்பக்கம் கம்பி முறுக்கும் சத்தம் நின்றது.

கொஞ்சம் தள்ளி அறிவிப்புப் பலகை. ஐயா அதை ஒரு கணம் பார்த்தார். "கொஞ்சம் மூஞ்சியத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு, பாவம்." பத்து பன்னிரண்டு.

பிறகு மீன்குளங்களின் பள்ளங்கள், தேய்ந்த பழைய வண்டிப்பாதை, புல்லின் அடியில் அலைபோல எழும்பி இறங்கும் பழைய உழவுச்சால்கள். மீர்ஸா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஐயா சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தார். தன் வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையாகக் கேட்கும் அரசாங்க ஆள் ஒருவரைப் பார்த்ததில்லை என்றார். ஐம்பது நிமிடம் கழித்துச் சுற்று முடிந்து கிழக்குக் கரைக்குத் திரும்பினார்கள்.

அங்கே ஒரு பெஞ்சு இருந்தது.

பாதி நட்டாகிவிட்டது. நாலு கருப்புக் கால்கள் கரை மண்ணுக்குள் இறங்கியிருந்தன. குறுக்கே ஒரு கருப்புப் பலகை, ஆளகலம். முட்டிபோட்டு உட்கார்ந்து, ரசமட்டத்தை அதன்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெர்வின் இல்லை. டெரிக்.

கெய்லியின் கணக்கில் மெர்வின்தான் இருந்தார். மெர்வினுக்கு இதுவரை எந்தக் குற்றமும் இல்லை, ஒரு எச்சரிக்கையோடு போய்விடும். இவரோ வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டவர், அதே பாதுகாக்கப்பட்ட இடத்தில், ஆய்வாளரின் கண்முன்னால், இரண்டாவது முறை.

"அப்பா! என்னப்பா பண்றே? உன்னை வேலையிலேருந்து நிறுத்தி வெச்சிருக்கு!"

"மெர்வின் வந்து சொன்னான். ஐயாவுக்கு உட்கார இடம் இல்லையாம்" என்றார் டெரிக், ரசமட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சும்மாதானே இருக்கேன்."

"அட, நல்லா இருக்கே!" என்றார் சர் லயனல். போய் உட்கார்ந்தார்.

மீர்ஸா குனிந்து பெஞ்சின் ஓரத்தை விரலால் தடவினார். சதுரமான பொருத்துத்துளை. அதில் அடித்த மர ஆணி. இன்னும் ஈரம்.

"சர் லயனல், எழுந்திரிங்க" என்றார். "நீங்க உட்கார்ந்திருக்கிறது பதினாலாம் நூற்றாண்டு."

ஐயா அவசரமாக எழுந்தார். சூடான இடத்தில் உட்கார்ந்துவிட்டவர்போல.

"இது அந்தப் பாலத்து மரம்தானே?" என்று மீர்ஸா டெரிக்கைக் கேட்டார். "இவ்வளவு நாளா எங்க இருந்துச்சு?"

"மாட்டுத்தொட்டியில, மேடம். தண்ணிக்குள்ள. ஊறின ஓக்கைக் காய விட்டா வெடிச்சுப்போயிடும்." டெரிக் பெஞ்சின் மூலையைத் தொட்டுக் காட்டினார். "நான் அறுக்கலைங்க. அந்தக் காலத்துத் துளைலயே மாட்டிட்டேன். நல்லா செஞ்சிருக்கான் எவனோ."

"அறிவிப்புப் பலகை எங்க?"

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். அறிவிப்புப் பலகை நின்ற இடத்தில் இரண்டு குழி இருந்தது. உயிர்வேலிக்குப் பின்னாலிருந்து மெர்வினின் குரல் வந்தது. "கொட்டகையில, மேடம். கழுவிக் கவுத்து வெச்சிருக்கேன்."

மீர்ஸா நோட்டைத் திறந்தார். "சர் லயனல், இந்தப் பெஞ்சைப் போடச் சொன்னது நீங்களா?"

"நானா? இல்லையே." அவர் முகத்தில் பொய்யே இல்லை.

"டெரிக், உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"இல்லைங்க மேடம்."

"பத்து ஏழு" என்று மீர்ஸா வாசித்தார். "பாக்க உட்கார ஒண்ணுமே இல்லையேன்னு தோணும். பத்து பன்னிரண்டு. மூஞ்சியத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு."

"அது ஒரு கருத்து" என்றார் ஹ்யூகோ. "கருத்துக்கும் உத்தரவுக்கும் வித்தியாசம் இருக்கு."

"சரி. எனக்கு இப்போ உத்தரவு வேணும்." மீர்ஸா ஐயாவின் பக்கம் திரும்பினார். "இந்த மரத்தை உடனே பிரிச்சு, ஈரச் சாக்குல சுத்தி, மறுபடி தண்ணியில வெக்கணும். ஒவ்வொரு நிமிஷமும் காய்ஞ்சுகிட்டிருக்கு. உங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்க."

சர் லயனல் தொண்டையைச் செருமினார். டெரிக்கைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஒரு மனிதனிடம் இதைச் செய் என்று நேராகச் சொல்வது எப்படி என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. சங்கடத்தில் கழுத்துவரை சிவந்துவிட்டார். கடைசியில் கண்ணை விலக்கி, தண்ணீருக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, மெல்லச் சொன்னார்:

"அந்தப் பெஞ்சு கொஞ்சம் குளிர்ல நடுங்குற மாதிரி இருக்கு."

அவர் முடிப்பதற்குள் டெரிக் முதல் ஆணியைத் தட்டிவிட்டார். மெர்வின் சாக்குக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

மீர்ஸா கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாலு. எழுதிக்கொண்டார். ஹ்யூகோ எதையோ சொல்ல ஆரம்பித்து, தலையைச் சாய்த்து, பிறகு நிமிர்த்திக்கொண்டார்.

*

அறிக்கை வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் கெய்லி பீட்டர்பரோவில் சரியாகத் தூங்கவில்லை. அப்பாவிடம் ஒரு தடவைக்கு மேல் பேசவும் இல்லை, ஏனென்றால் அவர் போனை எடுக்கவில்லை. அவருக்குக் கோபம். வெளியூர் ஆள் முன்னால் ஐயாவை வெட்கப்பட வைத்துவிட்டாள் என்று. தன் வீடு போகப்போகிறது என்ற கோபம் அவருக்குக் கடைசிவரை வரவேயில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து அவளே பட்டுக்கொண்டாள்.

மீர்ஸா எழுதியிருந்தார்: மேற்கு அகழியிலும் கிழக்குக் கரையிலும் நடந்த வேலைகள், இந்த எஸ்டேட்டில் வழக்கமாக உள்ள முறையில், உரிமையாளரால் இடப்பட்ட உத்தரவின்படியே செய்யப்பட்டவை. அந்த முறை இயங்குவதை ஆய்வாளர் மூன்று முறை நேரில் கண்டார். பொறுப்பு உரிமையாளருடையது. ஆட்கள் இருவருக்கும் எச்சரிக்கை மட்டும். மரத்தைத் தண்ணீரில் வைத்துக் காத்ததைப் பற்றி ஒரு வரி தனியாக இருந்தது. பரிசோதனைக்கூடத்தில் செய்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள் என்று. இனிமேல் பாதுகாக்கப்பட்ட இடங்களைப் பற்றி ஆட்களுக்கு எதைச் சொன்னாலும் உரிமையாளர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

ஹ்யூகோ தன் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். டெரிக் வேலைக்குத் திரும்பினார். வீடு இருந்தது. ஐயா ஒரு ஜோடி வேட்டைக்கோழி அனுப்பிவைத்தார், ஒன்றும் சொல்லாமல்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு கெய்லி வந்தபோது அப்பா பேசினார். பேசினார் என்றால், "வந்துட்டியா" என்றார். மறுநாள் காலை, அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில், மாளிகையிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே தடித்த காகிதம், நீல மை.

*டெரிக், மேற்கு அகழியைத் தொடாதே. லயனல் ஹாவர்கேட்.*

டெரிக் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். டீ ஆறியது.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார்.

"மேற்கு அகழியத் தொடாதேன்னு அர்த்தம்."

"அது தெரியுது. ஐயா என்ன நினைக்கிறார்?"

"அப்பா, அவர் நினைக்கிறதைத்தான் எழுதியிருக்கார். மொதல் தடவையா."

"முப்பத்தெட்டு வருஷத்துல அவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. உள்ள ஏதோ இருக்கு." அவர் மெர்வினைக் கூப்பிட்டார். மெர்வின் வந்து, தொப்பியைக் கழற்றி, இரண்டு தடவை படித்தார்.

"மேற்கைத் தொடாதேங்கிறார்" என்றார் மெர்வின்.

"ஆமா."

"கிழக்கைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

டெரிக் காகிதத்தை மறுபடி பார்த்தார். "ஆமால்ல" என்றார் மெதுவாக. "கிழக்கைப் பத்தி ஒண்ணுமே சொல்லல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெர்வின் தொப்பியைப் போட்டுக்கொண்டார். டெரிக் பூட்ஸைத் தேடினார்.

ஜேசிபியின் சாவி கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. அவருக்கு முன்னால் கெய்லி அதை எடுத்துவிட்டாள். பின்னால் இரண்டு பேர் கூப்பிடக் கூப்பிட, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திடல் வழியாகவே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அகழிக்கரையில் ஒரு நிமிடம் நின்றாள். சாவியை ஓங்கி எறிந்துவிடலாம் என்று கை பரபரத்தது. எறிந்தால் அதை எடுக்கத் தோண்டுவார்கள். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.